டேஞ்சர் என்பது பெரிய வார்த்தை

அந்தத் தையல் ஆலையில் சட்டைக்குக் காஜா எடுக்கும், அதாவது பித்தான் ஓட்டை தைக்கும், மிஷினில் வேலை பார்த்தவளை எல்லோரும் காஜா என்றே கூப்பிட்டார்கள். அவளுக்கு வேறு பெயர் இருந்தது. அது சம்பள நாளில் மட்டும் உரக்கப் படிக்கப்படும். அன்றைக்கும் அவள் கொஞ்சம் யோசித்துத்தான் கையைத் தூக்குவாள். மிஷினில் உட்கார்ந்தால் தலை நிமிராதவள், யார் வம்புக்கும் போகாதவள் என்று பேரெடுத்தவள். அப்படிப்பட்டவள் ஒரு நாள் ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தையை வாய் தவறிச் சொல்லிவிட்டு, அதற்காக அலையோ அலை என்று அலைந்தாள்.

ஆலையின் பின்பக்கம் ஒரு பழைய ஹால் இருந்தது. வேலைக்கு வரும் தாய்மார்கள் தங்கள் சின்னக் குழந்தைகளை அங்கேதான் விடுவார்கள். பார்த்துக்கொள்ள ஒரு மிஸ். ஹாலுக்கு நேர் மேலே, மொட்டைமாடியில், ஓர் இரும்புத் தண்ணீர்த் தொட்டி. ஆலை முழுவதற்கும் கை கழுவத் தண்ணீர் அதிலிருந்துதான் வந்தது. எந்தப் பிரச்சினை வந்தாலும் உடனே கை கழுவுகிற அதிகாரிகள் நிறைந்த ஆலை என்பதால் தொட்டி எப்போதும் தளும்பிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

அன்று மதிய இடைவேளையில் மகளுக்குப் பால் கொடுக்கப் போன காஜா, புட்டியைத் திறந்து வைத்துவிட்டுக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து மேலிருந்து ஒரு துண்டுக் காரை பெயர்ந்து புட்டியின் வாயில் விழுந்து அதைச் சாய்த்தது. நிமிர்ந்து பார்த்தாள். தளம் நடுவில் நிறைமாத வயிறு போல இறங்கியிருந்தது. காரை போன இடத்தில் கம்பி தெரிந்தது. கம்பியிலிருந்து துரு கலந்த தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு அடியில்தான் பாயைப் போட்டு மிஸ் குழந்தைகளை வரிசையாகத் தூங்க வைப்பாள். மற்ற மூலைகள் எல்லாம் பழைய தையல் மிஷின்களால் நிரம்பியிருந்தன.

"நானும் சொல்லிச் சொல்லிப் பார்த்துட்டேன். ஒரு வாளி குடுத்தாங்க. இருந்த வாளியை எடுத்துட்டுப் போய்ட்டுக் கொஞ்சம் பெரிய வாளியாக் குடுத்தாங்க" என்றாள் மிஸ்.

காஜா குழந்தையை மிஸ்ஸின் இடுப்பில் மாற்றிவிட்டுத் தையல் பகுதிக்கு ஓடினாள். இத்தனை மிஷின் சத்தத்தில் காதில் விழ வேண்டுமே என்று சூப்பர்வைசர் அக்காவிடம் தொண்டை கிழியக் கத்தினாள்: "அக்கா, பசங்க ஹால் ரொம்ப டேஞ்சரா இருக்குக்கா!"

மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. சூப்பர்வைசர் அக்கா கண்ணை உருட்டி, கையைப் பிடித்து இழுத்து, தூணுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். ஹாலுக்கு என்ன ஆயிற்று என்று அவள் கேட்கவில்லை. அந்த வார்த்தையை இனிமேல் வாயில் எடுக்காதே என்றாள். பிறகு, எடுத்தது எடுத்தாகிவிட்டது, பாதுகாப்புப் பிரிவுக்குப் போய் நீயே சொல்லிவிடு, நான் சொன்னால் நான் சொன்னதாக ஆகிவிடும் என்றாள்.

பாதுகாப்புப் பிரிவு முன்பக்கக் கட்டிடத்தில் இருந்தது. குளுகுளுவென்று ஏ.சி., தரையில் கால் வழுக்காத விரிப்பு, மேஜை முனைகளில் எல்லாம் இடித்துக்கொள்ளாமல் இருக்க ரப்பர். ஆலையிலேயே அவ்வளவு பாதுகாப்பான இடம் வேறு கிடையாது. கதவில் 'பாதுகாப்பு' என்று பெரிதாக எழுதியிருந்தது. சுவரில் ஒரு பலகை, ஆலையில் டேஞ்சர் இல்லாமல் கழிந்த நாட்களின் எண்ணிக்கையைக் காட்டியது. தினமும் காலையில் அந்த எண்ணைக் கூட்டி எழுதுவதுதான் அந்தப் பிரிவின் தலையாய வேலை. மற்ற வேலைகள் தலையில்லாதவை.

பாதுகாப்பு அதிகாரியை ஆலை முழுக்க ஹெல்மெட் என்பார்கள். மஞ்சள் ஹெல்மெட் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. ஏ.சி. அறையிலும் அது தலையில் இருக்கும். சாப்பிடும்போது மட்டும் பட்டையைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்வார். அவர் காஜாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்மா, அந்த வார்த்தையச் சொன்னது நீதானா?"

"ஆமா சார். அந்தத் தொட்டி..."

"தொட்டி எங்கயும் போயிடாது. முதல்ல வார்த்தைக்கு வருவோம்."

காஜாவுக்கு அந்தத் தொட்டி எங்கேயாவது போய்விடும் என்பதுதான் பயமே. ஆனால் அவள் வாயைத் திறப்பதற்குள் ஹெல்மெட் நாற்காலியில் சாய்ந்துகொண்டு பேச ஆரம்பித்துவிட்டார்.

"டேஞ்சர்ங்கறது பெரிய வார்த்தைம்மா. அதைச் சொல்லிட்டா அன்னைக்கே சரி பண்ணியாகணும். சைரன் அடிக்கணும். பெரிய மேனேஜர் இறங்கி வரணும். நம்மகிட்ட சட்டை வாங்கற வெளிநாட்டுக்காரங்களுக்குத் தகவல் போகணும். இவ்வளவு வேலை இருக்கு அதுல. அதனாலதான் இத்தனை வருஷமா இந்த ஆலைய டேஞ்சர் இல்லாம வச்சிருக்கோம். எப்படி வச்சிருக்கோம்? நாங்க யாருமே அந்த வார்த்தையச் சொல்றதில்ல."

சொல்லிவிட்டுப் பலகையைப் பெருமையோடு பார்த்தார். காஜாவும் மரியாதைக்கு ஒரு தடவை பார்த்து வைத்தாள்.

"சரி சார், ரிஸ்க்குன்னு வச்சுக்கங்க."

"ரிஸ்க்கை வச்சுக்க முடியாது, எடுக்கத்தான் முடியும். ரிஸ்க் எடுத்தான், ரிஸ்க் எடுக்காதேன்னுதானே சொல்றோம்? இப்ப சொல்லு. இதுல யாரு ரிஸ்க் எடுத்தது?"

"யாரும் எடுக்கல சார். அது பாட்டுக்கு மேல இருக்கு."

"உன் குழந்தைய அங்க கொண்டுபோய் விடறது யாரு?"

"நான்தான் சார்."

"அப்ப எடுத்தது நீ. உம்மேல நடவடிக்கை எடுக்கச் சொல்றியா?"

வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். வேறு வார்த்தை ஏதாவது இருக்கிறதா என்று, புடவைக் கடையில் கேட்பதுபோலத் தயங்கித் தயங்கிக் கேட்டாள். ஹெல்மெட்டின் முகம் மலர்ந்தது. யாரும் எடுக்காமல் ஒரு பொருள் தன் பாட்டுக்கு இருந்தால் அதற்குப் பெயர் ஹசார்ட் என்றார். காஜாவின் நாக்கு அந்த வார்த்தைக்கு வளைந்து கொடுக்கவில்லை. "அப்ப அசட்டுன்னே எழுதிக்கங்க சார்" என்றாள். எழுதலாம்தான், ஆனால் ஹசார்டைப் பார்ப்பதற்கென்று ஒரு கமிட்டி இருக்கிறது, கமிட்டியைக் கூட்டத் தலைவர் வேண்டும், தலைவர் ரிட்டையர் ஆகிவிட்டார், புதுத் தலைவரைக் கமிட்டிதான் கூடித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அவர் விளக்கினார். விளக்கி முடித்தபோது அதில் இருந்த அழகை அவரே ரசித்ததுபோல் தெரிந்தது.

"கடைசியாக் கேக்கறேன். அந்தத் தொட்டி விழறதுக்குச் சான்ஸ் இருக்கா, இல்லையா?"

"இருக்கு சார். நல்ல சான்ஸ் இருக்கு."

"பாத்தியா, நல்ல சான்ஸுன்னு உன் வாயாலேயே வந்துருச்சு" என்று ஹெல்மெட் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். தொட்டி அன்றிலிருந்து சான்ஸ் என்ற வகையில் சேர்ந்தது.

"சான்ஸுக்கு என்ன சார் பண்ணுவீங்க?"

"சான்ஸுக்கு என்ன பண்ணுவாங்க? காத்துக்கிட்டு இருக்கணும்."

அன்று வீட்டில் அவள் புருஷனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் வாடகை வேன் ஓட்டுகிறவன். விடியுமுன் போனால் இருட்டிய பிறகுதான் வருவான். குழந்தையைப் பார்த்துக்கொள்ள இரண்டு பக்கத்திலும் ஆள் இல்லை. அவன் அம்மாவுக்குத் தன்னையே பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். காஜா வேலையை விட்டால் குழந்தை பத்திரமாக இருக்கும், ஆனால் அடுப்பு எரியாது. அவன் நெடுநேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். கடைசியில், "நீ எதுக்கும் ரிஸ்க் எடுக்காதே" என்றான். அந்த வார்த்தையைக் கேட்டதும் அவளுக்கு வந்த கோபத்தில் அவன் தட்டைப் பிடுங்கிக் கழுவப் போட்டுவிட்டாள். அவன் இன்னும் பாதிகூடச் சாப்பிடவில்லை. தான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது.

காத்துக்கொண்டிருந்ததற்குப் பலன் இல்லாமல் போகவில்லை. ஹாலுக்கு ஒரு எச்சரிக்கைப் பலகை வந்தது. எழுதப் படிக்கத் தெரிந்த எல்லோருக்கும் புரிய வேண்டும் என்று அதைத் தமிழில் எழுதச் சொல்லியிருந்தார்கள். சான்ஸ் என்பதற்குத் தமிழில் என்ன என்று முன்பக்கக் கட்டிடத்தில் பெரிய ஆலோசனை நடந்திருக்கிறது. முடிவில் கதவுக்கு மேலே, நீலத்தில் வெள்ளை எழுத்தில், 'இங்கே மேலிருந்து நல்ல வாய்ப்பு உள்ளது' என்று மாட்டினார்கள். கீழே ஹெல்மெட்டின் கையெழுத்து.

மறுநாளே பேக்கிங் பகுதியிலிருந்து இரண்டு பேர் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு வந்து வாசலில் நின்றார்கள். மேலிடத்திலிருந்து என்ன வாய்ப்பு வந்திருக்கிறது, சூப்பர்வைசர் வேலையா, யாரைப் பார்க்க வேண்டும் என்று மிஸ்ஸிடம் பணிவாக விசாரித்தார்கள். மிஸ் விரலால் மேலே காட்டினாள். அவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வந்த சுவடு தெரியாமல் திரும்பிப் போனார்கள். போகும்போது ஒருவன் மற்றவனிடம், "சான்ஸே இல்ல" என்றான். அதை ஹாலைப் பார்த்துச் சொன்னானா, வேலையை நினைத்துச் சொன்னானா என்று தெரியவில்லை. வராந்தாவில் போய்க்கொண்டிருந்த ஹெல்மெட்டின் காதில் மட்டும் அது நன்றாக விழுந்துவிட்டது. சான்ஸே இல்லை என்று தொழிலாளர்களே சொல்லிவிட்டார்கள் என்று போய்ப் பலகையைக் கழற்றிவிட ஏற்பாடு செய்தார்.

இதற்கிடையில் காஜாவுக்குப் பயிற்சி வகுப்புக்கு வரச் சொல்லி உத்தரவு வந்தது. முன்பயிற்சி இல்லாமல் பெரிய வார்த்தையைக் கையாண்டதற்காக. அவளோடு சேர்த்து, அவள் கத்தியபோது பக்கத்தில் இருந்த காரணத்தால் கொஞ்சம் பேரையும் அனுப்பினார்கள். வகுப்பு எடுத்தவர் கழுத்தில் டை கட்டிக்கொண்டு வெளியூரிலிருந்து வந்தவர். வார்த்தைகளைப் பிரித்துச் சொல்வதே அவருக்கு ஜீவனம். கையோடு ஒரு வாழைப்பழம் கொண்டுவந்திருந்தார். எல்லோரும் பார்க்க அதை உரித்து நிதானமாகச் சாப்பிட்டார். தோலைத் தரையில் போட்டார்.

"இந்தத் தோல் இருக்கே, இதுதான் ஹசார்ட். இது மேல நீங்க நடந்தீங்கன்னா ரிஸ்க். வழுக்கி விழுந்தீங்கன்னா டேஞ்சர். உங்க மேலதிகாரி விழுந்தார்னா, அது சான்ஸ்" என்றார்.

முன்வரிசையில் இருந்த அதிகாரிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தக் கடைசி வரியை அவர்கள் எல்லோருமே எழுதிக்கொண்டார்கள்.

காஜா எழுந்து, அப்படியானால் தொட்டி எதில் வரும் என்று கேட்டாள். தொட்டி பாடத்தில் இல்லை என்றார் டை. அவள் விடவில்லை. விழுந்தால்தான் டேஞ்சர் என்றால், விழுந்த பிறகு சொல்லி என்ன பிரயோஜனம், அடியில் குழந்தைகள் படுத்திருக்கிறார்களே என்றாள். அவர் மிகுந்த அன்போடு சிரித்து, அவள் இன்னும் பொருளையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்றும், பொருளைப் பார்ப்பதை விட்டுவிட்டு வார்த்தையைப் பார்க்கப் பழகினால் பயம் தானாகப் போய்விடும் என்றும், தான் இத்தனை வருஷங்களில் ஒரு பொருளையும் பார்த்ததில்லை என்றும் சொன்னார். வகுப்பு முடிந்து எல்லோரும் போனார்கள். வாழைப்பழத் தோலை எடுத்துப் போட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. காஜாதான் குனிந்து எடுத்தாள். பாடத்துக்கான உபகரணத்தைத் தொட்டதற்காக அவளுக்குத் தேர்ச்சி கிடைக்கவில்லை.

தளம் இவர்கள் வகுப்புக்காகக் காத்திருக்கவில்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. மிஸ் பெரிய வாளியை நாளுக்குப் பல தடவை காலி செய்தாள். காஜாவுக்கு மிஷினில் கை ஓடவில்லை. எங்கே எது தடால் என்று விழுந்தாலும் மிஷினை விட்டு எழுந்துவிடுவாள். ஒரு நாள் கவனம் தப்பி, முன்பட்டியில் எடுக்க வேண்டிய காஜாவைக் காலரில் எடுத்துவிட்டாள். மகளை விட்டுவிட்டு வந்து இங்கே உட்கார்ந்து வெளிநாட்டுக்காரன் சட்டைக்கு ஓட்டை போட்டுக்கொண்டிருக்கிறோமே என்று அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பாக வந்தது.

அப்போதுதான் பாதுகாப்பு வாரம் வந்தது. வெளிநாட்டுக்காரர்கள் வந்து பார்க்கிறார்கள், விழா எடுக்க வேண்டும். நாற்காலி போட வசதியான பெரிய இடம் குழந்தைகள் ஹால்தான். உத்தரவு பறந்தது. எத்தனை கெஞ்சியும் நகராத பழைய மிஷின்கள் ஒரே காலையில் லாரி ஏறிப் போயின. குழந்தைகளைப் பாயோடு சுருட்டி, பேக்கிங் பகுதியில் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே கொண்டுபோய் வைத்தார்கள். தளத்தின் வயிற்றை மறைத்துப் பட்டுத் துணி கட்டினார்கள். சொட்டும் இடத்தில், வாளிக்குப் பதிலாக, வாயகன்ற ஒரு வெண்கலப் பாத்திரத்தை வைத்துப் பூவும் மிதக்கவிட்டார்கள். வெளிநாட்டுக்காரர்கள் அதைப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

பெரிய மேனேஜர் பேச எழுந்தார். பின்னால் சுவரோரம் நின்ற தொழிலாளர்களில் காஜாவும் இருந்தாள். அவள் கண் பட்டுத் துணியை விட்டு அகலவில்லை.

"மற்ற ஆலைகளில் என்ன செய்கிறார்கள்?" என்று அவர் மேடைத் தமிழில் முழங்கினார். "ஆபத்து வந்தபிறகு அதைத் தேடி ஓடுகிறார்கள். நாம் அப்படி அல்ல. ஆபத்து எங்கே இருக்கிறது என்று நாம் தேடியதே இல்லை. அதனால்தான் நம்மிடம் ஒன்றுகூட அகப்படவில்லை. இந்த ஹாலையே பாருங்கள். நம் தொழிலாளர்களின் செல்வங்கள் தினமும் தூங்கும் இடம். இங்கே வந்து நிற்க எனக்கு இத்தனை வருஷமாக நேரமே கிடைத்ததில்லை. அந்த அளவுக்கு இங்கே எந்தக் குறையும் இருந்ததில்லை."

கை தட்டினார்கள். கை தட்டிய அதிர்வு தாங்காமலோ என்னவோ, பட்டுத் துணி ஒரு பக்கம் தொய்ந்தது. பிறகு கிழிந்தது. அம்மிக்கல் அளவுக்கு ஒரு காரைக் கட்டி, வெண்கலப் பாத்திரத்தை நசுக்கிக்கொண்டு, மேடைக்கு முன்னால் இறங்கியது. பின்னாலேயே ஒரு குடம் துருத் தண்ணீர்.

டேஞ்சர், ரிஸ்க், ஹசார்ட், சான்ஸ் என்று நான்கையும் கரைத்துக் குடித்தவர்கள் அத்தனை பேரும் அந்த ஹாலில் இருந்தார்கள். ஒருவர் வாயிலிருந்தும் நான்கில் ஒன்று வரவில்லை. எல்லோரும் "ஐயோ, அம்மா" என்று சுத்தமான தமிழில் அலறிக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தார்கள். டை வேட்டியைப்போல டையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடினார். ஹெல்மெட் முதல் ஆளாக வெளியே இருந்தார். தலையில் ஹெல்மெட் இருந்தவர் அவர் ஒருவர்தான்.

யாருக்கும் ஒரு கீறல் இல்லை. காஜா மட்டும் வெளியே போகவில்லை. கட்டி விழுந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சரியாக அவள் மகளுக்குப் பாய் போடும் இடம். மிஸ் வந்து கைத்தாங்கலாக எழுப்பிக்கொண்டு போனாள்.

இனிமேலாவது புத்தி வரும் என்றுதான் எல்லா அம்மாக்களும் நினைத்தார்கள். பாதுகாப்புப் பிரிவில் அன்று மாலையே கூட்டம் போட்டார்கள். விழுந்தது, ஆனால் ஆள் மேல் விழவில்லை, ஆகவே டேஞ்சர் இல்லை என்று முடிவானது. மயிரிழையில் தப்பியதற்கு இங்கிலீஷில் ஒரு வார்த்தை உண்டு என்று டை எடுத்துக் கொடுத்தார். 'நியர் மிஸ்' என்று எழுதி, ஆட்களைக் கவனிக்கும் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தவர்கள் அந்த வகுப்புக்குப் போகாதவர்கள். மிஸ்ஸுக்குப் பக்கத்தில் நடந்த சம்பவம் என்று அதைப் புரிந்துகொண்டார்கள். மறுநாள் காலை மிஸ்ஸை வாசலிலேயே நிறுத்தி, விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இன்னொரு முடிவும் எடுத்திருந்தார்கள். அந்த ஹால் இனி விழாக்களுக்கு ஏற்றதல்ல, அதிகாரிகள் யாரும் உள்ளே போகக் கூடாது. பாதுகாப்பு வாரத்தின் மிச்ச நிகழ்ச்சிகளைப் பேக்கிங் பகுதியில் நடத்த வேண்டியிருப்பதால் அங்கே இருக்கும் குழந்தைகளை உடனே காலி செய்து பழைய ஹாலுக்கே கொண்டுபோய்விட வேண்டும். இதை அம்மாக்களுக்கு ஹெல்மெட்டே நேரில் வந்து சொன்னார்.

"அங்கதான சார் நேத்து விழுந்துச்சு?" என்றாள் காஜா.

"விழுந்தது விழுந்தாச்சேம்மா. விழுந்தது மறுபடி விழுமா?"

"தொட்டி இன்னும் மேலதான் இருக்கு சார்."

"அது அப்பவே சான்ஸுல போயிடுச்சு. அதைப் பத்தி இப்ப பேச முடியாது."

காஜா மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். பின்பக்கம் ஹாலை நோக்கிப் போக வேண்டியவள், முன்பக்கக் கட்டிடத்தைப் பார்த்து நடந்தாள். மற்ற அம்மாக்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு அவரவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே கிளம்பினார்கள். வேலை வேலை என்று சூப்பர்வைசர் அக்கா கத்தினாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பாதுகாப்புப் பிரிவின் விரிப்பில் காஜா பாயைப் போட்டாள். ஏ.சி. காற்று நேராகப் படாத மூலையாகப் பார்த்து மகளை உட்கார வைத்தாள். மற்றவர்களும் இடம் பிடித்தார்கள். மூச்சிரைக்க ஓடிவந்த ஹெல்மெட், என்ன அக்கிரமம் இது என்றார்.

"கதவுல பாதுகாப்புன்னு எழுதியிருக்கு சார். அதைப் படிச்சுட்டுத்தான் வந்தோம்" என்றாள் காஜா. கிண்டலாகச் சொல்லவில்லை, அவளுக்கு அப்படித்தான் பட்டது.

அவர் பதில் யோசிப்பதற்குள் காரியம் கை மீறிவிட்டது. ஒரு பிள்ளை மேஜை முனை ரப்பரைப் பிய்த்துத் தின்னப் பார்த்தது. இன்னொன்று நாற்காலியில் ஏறிச் சுவர்ப் பலகையில் எண்களை இஷ்டத்துக்கு மாற்றியது. காஜாவின் மகள் ஒரு மஞ்சள் பொருள் ஆடுவதைப் பார்த்துவிட்டு, குனிந்த ஹெல்மெட்டின் தலையிலிருந்து அதைப் பிடுங்கி, கவிழ்த்துப் போட்டு, அதற்குள் ஒன்றுக்குப் போனாள். ஹெல்மெட்டுக்கு வழுக்கை என்பது அன்றுதான் ஆலைக்குத் தெரிந்தது. வெறுந்தலையோடு அவர் பாய்ந்து போனை எடுத்தார். அவரை மீறி, வயிற்றிலிருந்து, இத்தனை வருஷமாக அடக்கி வைத்திருந்த வார்த்தை வெளியே வந்தது.

"டேஞ்சர்! இங்க ஒரே டேஞ்சர்! உடனே ஆள அனுப்புங்க!"

போனை எடுத்த பெண்ணுக்கு அந்த வார்த்தை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும்தான் தெரியும். சைரன் அலறியது. மிஷின்கள் நின்றன. தீயணைக்கும் ஆட்கள், கொத்தனார்கள், வெல்டிங்காரர்கள் என்று ஒரு கூட்டம் முன்பக்கக் கட்டிடத்தில் வந்து குவிந்தது. பெரிய மேனேஜர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தார். வெளிநாட்டுக்காரர்களும் பின்னாலேயே வந்து நின்றார்கள்.

"எங்க டேஞ்சர்?" என்றார் பெரிய மேனேஜர்.

ஹெல்மெட் சுற்றிலும் பார்த்தார். தரையில் உட்கார்ந்து ரப்பர் தின்னும் பிள்ளைகளைக் காட்டி, இவர்கள்தான் என்று வெளிநாட்டுக்காரர்கள் முன்னால் எப்படிச் சொல்வது? சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுக்கவும் விதி இல்லை. அந்த விதிகளை எழுதியவரே அவர்தான். காஜாவைப் பார்த்தார். அவள் தன் பாட்டுக்கு மகளின் ஈரத் துணியை மாற்றிக்கொண்டிருந்தாள்.

"தொட்டி சார்" என்றார். "பின்பக்கம், பசங்க ஹாலுக்கு மேல."

அன்று மாலைக்குள் தொட்டியை இறக்கியாகிவிட்டது. கயிறு கட்டித் தூக்கியபோதே அதன் அடித்தகடு கையோடு வந்துவிட்டதாம். இத்தனை நாள் தாங்கியது இரும்பு அல்ல, துருதான் என்று வெல்டிங்காரர் வந்து சொல்லிவிட்டுப் போனார். தளத்தை உடைத்துப் புதிதாகப் போடும் வரைக்கும் குழந்தைகள் பாதுகாப்புப் பிரிவிலேயே இருக்கட்டும் என்று பெரிய மேனேஜர், வெளிநாட்டுக்காரர்கள் காதில் விழும்படி, பெருந்தன்மையாகச் சொன்னார். மிஸ் இல்லாமல் அவர்களைச் சமாளிக்க முடியாது என்பது ஹெல்மெட்டுக்கு அன்று மத்தியானமே தெரிந்துவிட்டதால் மிஸ்ஸையும் உடனே திரும்பக் கூப்பிட்டார்கள். அவள்மேல் இருந்த விசாரணை என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. எதற்காக விசாரணை என்பது யாருக்கும் நினைவில் இல்லை.

காஜா வேலை முடிந்து மகளைக் கூட்டிப்போக வந்தபோது, சுவர்ப் பலகையில் எண் பூஜ்யத்தில் நின்றது. அதற்குக் கீழே ஹெல்மெட், கழுவிக் காயவைத்த ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மாட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். அம்மாவின் தோளில் ஏறிக்கொண்ட குழந்தை அவரைத் திரும்பிப் பார்த்தது. இரண்டு வயதாகியும் அம்மா, பால் என்பதைத் தவிர வேறு பேச்சு வராத குழந்தை. காலையிலிருந்து காதில் விழுந்த புது வார்த்தையை வாய்க்குள்ளேயே உருட்டிக்கொண்டிருந்திருக்கும் போல. விரலை நீட்டி அவரைக் காட்டி, ஓர் எழுத்தும் பிசகாமல், "டேஞ்சர்" என்றது.

அந்த ஆலையில் அந்த வார்த்தையை இடமறிந்து சொன்ன முதல் ஆள் அவள்தான்.